பசிக்காத விரதம்

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

இந்த டைரி தாலுகா ஆபீசில் ஜனவரி மாதம் கொடுத்தது. இதுவரை எழுதியது இரண்டு பக்கம். இரண்டிலும் சர்வே எண்கள், இரண்டும் தப்பு. இன்று முதல் ஒழுங்காக எழுதப் போகிறேன். காரணம், எனக்குச் சாட்சி வேண்டும்.

மத்தியானம் என் மைத்துனன் சங்கரலிங்கம் குடும்பத்தோடு பாளையங்கோட்டைக்கு வந்திருந்தான். உலகம்மாள் தேங்காய்ப்பாலில் சொதி வைத்திருந்தாள். இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். நான் மூன்றாவது தடவை சொதி கேட்டேன். ஒரு மனிதன் தன் சொந்த வீட்டில், தாலி கட்டிய பெண்டாட்டி வைத்த சொதியை மூன்றாவது தடவை கேட்பது எந்தச் சட்டத்தில் குற்றம்?

சங்கரலிங்கம் சொன்னான்: "அத்தான் இலைய மட்டும் விட்டுருதாக. அதுவும் கொஞ்சம் முத்தலா இருக்கப்போயி. இளசா இருந்தா அதுவும் போயிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவன் பிள்ளைகளுக்கு வேறு பொழுது ஏது. ஆனால் உலகம்மாளும் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"புதன்கிழமை கந்த சஷ்டி ஆரம்பம். ஆறு நாளும் விரதம் இருக்கப் போறேன். பாலும் இளநியுந்தான்" என்று எழுந்து நின்று சொன்னேன்.

"ஆறு நாளா?" என்றாள் உலகம்மாள். "ஆறு மணி நேரம் இருங்க பாப்போம்."

பந்தயம் முடிவாயிற்று. நான் ஜெயித்தால் என் சாப்பாட்டைப் பற்றி அவள் ஆயுசுக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. தோற்றால் இனி எந்தக் கல்யாண வீட்டிலும் எனக்கு இரண்டாம் தடவைப் பாயசம் கிடையாது. பால்வண்ணநாதன் சர்வேயர் வேலைக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. இதுவரை நட்ட கல்லைப் பிடுங்கியதில்லை.

அக்டோபர் 22, புதன். முதல் நாள்

காலை ஆறு மணிக்குக் குளித்து, விபூதி பூசி, காப்புக் கட்டி, ஒரு டம்ளர் பால். ஏழு மணிக்குப் பசித்தது. ஏழரைக்கும் பசித்தது. எட்டு மணிக்கு அடுத்த வீட்டு இசக்கியப்பன் அண்ணாச்சி வீட்டில் தோசை வார்க்கும் சத்தம் கேட்டது. ஒரு தோசைக்கு இவ்வளவு நேரம் சத்தம் வரும் என்று எனக்கு இன்றுதான் தெரியும். மற்ற நாளெல்லாம் நான் மென்றுகொண்டிருந்திருக்கிறேன், காதில் விழவில்லை.

ஒரு தோட்டத்தை அளக்கப் போனேன். நாற்பது மீட்டரை நான்கு மீட்டர் என்று எழுதி, அந்த மனிதரின் தென்னந்தோப்பைக் கோழிக்கூடு ஆக்கிவிட்டேன். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். திருத்திக் கொடுத்தேன்.

சாயங்காலம் முருகன் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பிரசாதம் விரதத்துக்குள் வருமா என்று அர்ச்சகரைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு விரல் எடுத்துக்கலாம்" என்றார். எந்த விரல் என்று சொல்லவில்லை. கட்டைவிரல் என்று வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 23, வியாழன். இரண்டாம் நாள்

தீபாவளி முறுக்கு டப்பாவில் நான்கு முறுக்கு குறைகிறது என்கிறாள் உலகம்மாள். எண்ணி வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. வீட்டில் எலி இருக்கிறது. மூடியைத் திறந்து, தின்று, மறுபடி அழுத்தி மூடத் தெரிந்த எலி. பொறி வாங்க வேண்டும்.

மாலை ஐந்து மணி. அதிசயம்! பசி நின்றுவிட்டது. குறையவில்லை, நின்றேவிட்டது. மூன்று மணிவரை காகம் கரைந்தால்கூட வடை ஞாபகம் வந்தது. நாலரைக்கு உலகம்மாள் வேண்டுமென்றே வெங்காய பஜ்ஜி போட்டாள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சொல்லப்போனால் எண்ணெய் வாடை கொஞ்சம் குமட்டியது. முருகன் இரங்கிவிட்டான். மகான்களுக்குப் பல வருஷம் கழித்துக் கிடைப்பது எனக்கு இரண்டாம் நாளே கிடைத்துவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

தொப்புளைச் சுற்றி லேசாக ஒரு நோவு. குடித்த இளநீர் வாந்தியாக வந்துவிட்டது. உடம்பு சுத்தமாகிறது.

அக்டோபர் 24, வெள்ளி. மூன்றாம் நாள்

இன்றும் பசி இல்லை. பாலைக்கூட அவளுடைய திருப்திக்காகத்தான் குடித்தேன்.

தொப்புள் நோவு இடம் மாறிவிட்டது. இப்போது வலது பக்கம் பின்னால், இடுப்பு எலும்புக்குச் சற்று மேலே, உள்ளே. இது முந்தாநாள் டேப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் தாவியதால் வந்த பிடிப்பு. நடக்கும்போது வலது கால் பின்தங்குகிறது.

வாசலில் இசக்கியப்பன் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வந்த மனிதர். அப்படிப் பிறந்தவர்கள் காலால் மிதித்தால் சுளுக்கு பிடிப்பெல்லாம் விட்டுப்போகும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. எங்கள் தெருவில் அண்ணாச்சி காலுக்கு இருக்கிற மரியாதை அவர் முகத்துக்குக் கிடையாது.

"என்னவே பால்வண்ணம், கால இழுத்துட்டு நடக்கீரு?"

"இடுப்புல பிடிப்பு அண்ணாச்சி."

"குப்புறப் படும். மூணு மிதி. முடிஞ்சு போச்சு."

பாய் விரித்துப் படுத்தேன். முதல் மிதிக்கு முருகா என்றேன். இரண்டாவது மிதிக்கு அம்மா என்றேன். மூன்றாவது மிதிக்கு நான் என்ன சொன்னேன் என்று தெரியாது, ஆனால் அண்ணாச்சியின் பெண்டாட்டி சொர்ணம் மைனி பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார்.

"வலிச்சா எறங்குதுன்னு அர்த்தம்வே" என்றார் அண்ணாச்சி.

எங்கே இறங்குகிறது என்று கேட்க எனக்கு மூச்சு இல்லை.

அக்டோபர் 25, சனி. நான்காம் நாள்

உலகம்மாள் பிடிவாதம் பிடித்து டாக்டர் குற்றாலிங்கத்திடம் இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தப் பக்கத்துக்கு அவர்தான் டாக்டர். கைராசிக்காரர். என்னைப் படுக்க வைத்து முன் வயிற்றை அழுத்தினார்.

"இங்கன வலிக்குதா?"

"இல்ல டாக்டர்." கூச்சத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"சரித்தான். குடல்வால் வீங்கியிருந்தா இந்த எடத்துல விரல வைக்க விடமாட்டீரு. நீரு சிரிக்கீரு. காய்ச்சல்?"

"நூறு இருக்கு" என்றாள் உலகம்மாள்.

"வாந்தி?"

"ஒரு தடவ. இளநி."

"பசி எப்படி?"

"விரதம் டாக்டர். சஷ்டி."

"ஓஹோ. அப்ப அத விடும்."

விட்டார். நானும் விட்டேன். உலகம்மாள் மட்டும், "டாக்டர், இவுகளுக்கு விரதம்னாலும்…" என்று ஆரம்பித்தாள். நான் ஒரு பார்வை பார்த்தேன். விரதக்காரனின் பார்வை. அடங்கிவிட்டாள்.

சிறுநீர் சோதித்ததில் கொஞ்சம் சீழ் அணுவும் கொஞ்சம் ரத்த அணுவும் இருந்தன. ஸ்கேனில் கல் எதுவும் தெரியவில்லை. குடல்வால் இருக்கும் இடத்தை வாயு மறைத்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். சின்னக் கல்லாக இருந்து இறங்கியிருக்கும், அல்லது நீர்க்கடுப்பு என்றார் டாக்டர். வலிக்கு ஓர் ஊசி, மாத்திரை, வாழைத்தண்டுச் சாறு. கிளம்பும்போது, காய்ச்சல் கூடினால் என்று ஆரம்பித்து என்னமோ சொன்னார். நான் அதற்குள் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

வாழைத்தண்டுச் சாறு விரதத்துக்குள் வருமா என்று அர்ச்சகருக்குப் போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. என் நம்பரைத் தெரிந்து வைத்திருக்கிறார்.

வலது காலை நீட்டிப் படுக்க முடியவில்லை. நீட்டினால் தொடைக்குள்ளிருந்து யாரோ கயிறு கட்டி இழுக்கிறார்கள். முழங்காலை மடக்கி மேலே தூக்கி வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கிறது. சொர்ணம் மைனி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ உலகு, இங்க பாரேன், படத்துல சாமி கால மடக்கிட்டு இருக்க மாதிரியே இருக்காக!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் அதைக் கலைக்கவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு. ஐந்தாம் நாள்

பகல் பன்னிரண்டு மணி. வலி போயே போச்சு! ஏதோ உள்ளே பட்டென்று விட்ட மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் வலி இல்லை. முருகா!

மூன்று மணி. சேதி தெருவுக்குள் பரவிவிட்டது. ஐந்து நாள் வெறும் பாலில் இருந்து, பசியே இல்லாமல், கல்லைக் கரைத்த மனிதன் என்று சொர்ணம் மைனி சொல்லியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. ஆறு பேர் வந்து என் கையால் விபூதி வாங்கிக்கொண்டார்கள். எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் படுத்தபடியே பூசினேன், அது இன்னும் பக்தியாக இருந்தது. "கை என்னா சூடு!" என்றார்கள் எல்லாரும். தவம் இருந்தால் உடம்பில் சூடு ஏறும்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பலகை மாதிரி கெட்டியாக இருக்கிறது. முப்பது வருஷமாகத் தளதளவென்று கிடந்த தொப்பை ஐந்தே நாளில் இறுகிவிட்டது. ஆபீசில் ஜிம்முக்குப் போகிறவர்களிடம் காட்ட வேண்டும்.

உலகம்மாள் மட்டும் விபூதி வாங்க வரவில்லை. வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தயத்தில் தோற்கப் போகிற கவலை.

சாயங்காலம் நடுக்கம். இரண்டு போர்வை. ஐப்பசி மழை அல்லவா.

அக்டோபர் 27, திங்கள். சூரசம்ஹாரம்

சொதி வைத்திருக்கிறாள். வேண்டாம் என்றேன். அருள்.

அக்டோபர் 28, செவ்வாய்

இவர் டைரியில் நான் எழுதுவது சரியில்லை. ஆனால் நேற்று மயக்கத்துக்குப் போகுமுன், "இன்னைக்கு நடந்தத எழுதி வை, ஒரு நாள் விடக் கூடாது" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அதனால் எழுதுகிறேன். நான் உலகம்மாள், இவர் மனைவி.

ஆப்பரேஷன் நேற்று மாலை முடிந்தது. உயிருக்குப் பயமில்லை என்று இன்று காலையில்தான் சொன்னார்கள். மூக்கில் குழாய், வயிற்றில் குழாய், கையில் டிரிப். தூங்குகிறார்.

நேற்றுக் காலையில் காய்ச்சல் நூற்றுமூன்று. டாக்டர் குற்றாலிங்கம் திருச்செந்தூர் போயிருந்தார். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் இவர் அசைய மாட்டேன் என்றார். சூரசம்ஹாரம் முடியட்டும், விரதம் முடியட்டும் என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மூன்று தேங்காய் உடைத்துப் பால் எடுத்துச் சொதி வைத்தேன். இஞ்சித் துவையல் அரைத்தேன். நான் தோற்றதாகவே இருக்கட்டும், ஒரு வாய் சாப்பிட்டு விரதத்தை முடித்துத் தொலையட்டும், பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன்.

கட்டில் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். "நான் தோத்துட்டேன், நீங்க செயிச்சுட்டீய, சாப்பிடுங்க" என்று சொன்னேன். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "வாட பிடிக்கல, எடுத்துட்டுப் போ" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் இவர் அப்பா செத்த அன்றைக்குக்கூட இவர் சாப்பிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார்.  கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடி, "அண்ணாச்சி, அவுக சொதி வேண்டாங்காக!" என்றேன். இசக்கியப்பன் அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்கவில்லை. சட்டைகூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

இங்கே டாக்டர் ஜெபராணி என்று ஒரு சர்ஜன். சின்ன வயசுதான். வலி, காய்ச்சல் எல்லாம் கேட்டுவிட்டு என்னிடம், "பசி எப்படிம்மா?" என்றார். விரதம் என்று சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. "டாக்டரம்மா, விரதத்துக்காக இவுக சாப்பிடாம இருந்தது ரெண்டு நாளுதான். அதுக்குப் பொறவு இவுகளால சாப்பிட முடியல. ரெண்டும் வேற" என்று சொன்னேன். சொதியையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க வாத்தியார் இதத்தான் சொல்லிக் குடுத்தாரு. ரொம்பப் பிடிச்ச சாப்பாட்டப் பேரு சொல்லிக் கேளு, அதையும் வேண்டாம்னா குடல்வால மறந்துராதன்னு" என்றார்.

குடல்வால் இருக்க வேண்டிய மாதிரி முன்னால் இல்லாமல், பெருங்குடலுக்குப் பின்னால் முதுகைப் பார்த்து மடங்கிக் கிடந்ததாம். அதனால்தான் முன் வயிற்றை அழுத்தியபோது வலிக்கவில்லை. பக்கத்தில் போகிற சிறுநீர்க் குழாயை உரசி அதையும் புண்ணாக்கியிருக்கிறது, அதனால் கல் மாதிரி தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வலி போனது குணமானதால் இல்லை, அது வெடித்ததால். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். முடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. முறுக்கைத் தின்றது எலி இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். மூடியைத் தளர்த்தி, இவர் கைக்கு எட்டுகிற தட்டில் இறக்கி வைத்ததே நான்தான். மறுநாளும் இறக்கி வைத்தேன். மறுநாள் ஒன்றும் குறையவில்லை. அப்போதே எனக்கு மனசுக்குள் ஒரு மாதிரி இருந்தது. அப்போதே நான் சத்தம் போட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் 30, வியாழன்

மேலே உள்ளதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். சில திருத்தங்கள்.

ஒன்று, அப்பா செத்த அன்று நான் சாப்பிட்டது ஊரார் வற்புறுத்தியதால்.

மற்றபடி திங்கட்கிழமை நடந்ததில் அவள் எழுதாத பகுதியை நான் எழுதியாக வேண்டும். டாக்டர் ஜெபராணி என்னை இடது பக்கமாக ஒருக்களிக்கச் சொன்னார். என் வலது காலைப் பிடித்து மெதுவாகப் பின்பக்கமாக இழுத்தார். மெதுவாகத்தான் இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற இசக்கியப்பன் அண்ணாச்சி, "ஐயோ, போயிட்டானே!" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள், சி.டி. என்று பெரிய மிஷின். அதில் தெரிந்துவிட்டது.

பிறகு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்தார். பெரிய மீசை. உலகம்மாள் பக்கத்தில் நிற்கிறாள்.

"கடைசியா என்ன சாப்டீங்க, எப்ப சாப்டீங்க? உண்மையச் சொல்லணும். வயித்துல எதாவது கெடந்து மயக்கத்துல மேல வந்தா உசுருக்கே ஆபத்து."

"விரதம் சார். ஆறு நாளா பாலும் இளநியுந்தான்."

"வேற ஒண்ணுமே இல்ல? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கூரையைப் பார்த்தேன். முருகனை நினைத்தேன். உயிரா, மானமா என்று வந்துவிட்டது.

"வியாழக்கெழம காலைல நாலு முறுக்கு" என்றேன்.

உலகம்மாள் தெரியும் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

"அப்புறம்?"

"மூணு அதிரசம். அது வேற டப்பா."

"அதிரசமுமா?" என்றாள் உலகம்மாள். அது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மயக்க டாக்டர் மீசைக்குள் சிரித்துக்கொண்டே, "வியாழக்கெழமன்னா பரவால்ல" என்று எழுதிக்கொண்டு போனார். இத்தனைக்கும் அவர் கேட்டது அன்றைய தினத்தைப் பற்றித்தான். நானாகப் போய் மாட்டிக்கொண்டேன்.

இன்று டாக்டர் குற்றாலிங்கம் பார்க்க வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "பசி எப்படின்னு கேட்டேன். விரதம்னு சொன்னீரு. நான் அங்கன நின்னு இன்னொரு கேள்வி கேட்டிருக்கணும்வே. நாப்பது வருச சர்வீஸ்ல இப்படி முதுகுக்குள்ள ஒளிஞ்சது என்ன ஏமாத்திட்டு" என்றார். நானும் செருப்பை மாட்டப் போயிருக்கக் கூடாது என்றேன். அன்று அவர் சொன்னது, காய்ச்சல் கூடினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும் என்பதுதானாம்.

அண்ணாச்சியும் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மிதியில் வெடித்திருக்குமோ என்று டாக்டரம்மாவிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார். அதனால் என்று சொல்ல முடியாது, ஆனால் இனி வயிறு, இடுப்பு வலி என்று யார் வந்தாலும் காலைத் தூக்காதீர்கள் என்று டாக்டரம்மா கும்பிட்டுச் சொன்னாராம்.

இன்னும் ஒரு திருத்தம். திங்கட்கிழமை பக்கத்தில் அருள் என்று எழுதியிருக்கிறேன். பொய். சொதி வாடை வந்ததும் எனக்குக் குமட்டியது. என் பெண்டாட்டி வைத்த சொதி எனக்குக் குமட்டுகிறதே என்று பயந்துவிட்டேன். செத்துப்போவேன் என்று அந்த நிமிஷமே தோன்றியது. முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

அக்டோபர் 31, வெள்ளி

வாயு பிரியவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் இது ஒன்றுதான் கவலை. சீழ் பட்டதில் குடல் வேலைநிறுத்தம் செய்கிறதாம். வாயு பிரிந்து, பசி எடுத்தால்தான் குடல் முழித்துக்கொண்டது என்று அர்த்தம். அதுவரை வாயில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. காலையில் டாக்டரம்மா கேட்டார். நர்ஸ் கேட்டார். கூட்டுகிற அம்மா கேட்டார். சங்கரலிங்கம் போன் செய்து, "அத்தான், பிரிஞ்சுதா?" என்றான். தெருவில் கோயில் மணி அடித்து வேண்டிக்கொள்கிறார்களாம்.

உலகம்மாள் அதைக் கேட்பதில்லை. மணிக்கு ஒரு தடவை, "பசிக்குதா?" என்று மட்டும் கேட்கிறாள். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அவள் நான்கு நாளாக ஆஸ்பத்திரி கேன்டீன் இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள், தின்கிற மாதிரி தெரியவில்லை.

நவம்பர் 1, சனி

காலை 10.40. பிரிந்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர் கை தட்டினார். மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கலாம்.

பசி இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

சிரிக்கக் கூடாது, சிரித்தால் தையல் இழுக்கும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். சங்கரலிங்கத்தை இந்தப் பக்கமே விட வேண்டாம் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டரை மணிக்குப் பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு அவர் மருமகள் ரசம் சாதம் கொண்டுவந்தாள். தூக்குச்சட்டி மூடியைத் திறந்தாள். பூண்டு ரசம். கொஞ்சம் புளி கூடுதல், கடுகு சற்றே கரிந்திருந்தது, அதெல்லாம் வாடையிலேயே தெரிந்தது. பெரியவர் முதல் கவளத்தை உருட்டினார். அவர் கை மேலே போகப் போக என் வாயும் கூடவே திறந்தது. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று புரண்டு கொடகொடவென்று சத்தம் போட்டது. அந்த மருமகள்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

உலகம்மாள் ஜன்னல் பக்கம் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி உலகு" என்றேன். "பசிக்குது."

திரும்பினாள். "என்ன சொன்னீய?"

"பசிக்குதுட்டி. ரொம்பப் பசிக்குது."

துண்டு கையிலிருந்து விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆறு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் அண்ணாச்சியே அழுதபோது அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தவள், வார்டு முழுக்கக் கேட்கும்படி ஓவென்று அழுதாள். நர்ஸ் ஊசியும் கையுமாக ஓடிவந்தார். பின்னாலேயே டாக்டரம்மா.

"என்னம்மா, என்னாச்சு? அவருக்கு என்னாச்சு?"

உலகம்மாள் என்னைக் கையால் காட்டினாள்.

"பசிக்குதாம்" என்றாள். "டாக்டரம்மா, அவுகளுக்குப் பசிக்குதாம்."

அழுதாலும் தையல் இழுக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.